வளைத்துக் கட்டிய ரோஜா

எங்கள் வீட்டு முன்சுவரில் இருப்பதைத் தாமானில் எல்லோரும் கொடி ரோஜா என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் கறாராகப் பார்த்தால் ரோஜாவில் கொடி என்று ஒன்று கிடையாது. சங்குப்பூவுக்கு ஒரு குச்சி கிடைத்தால் போதும், தானே சுற்றிக்கொண்டு ஏறிவிடும். பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு. மிளகும் வெற்றிலையும் கணுவில் வேர்விட்டு மரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோஜாவுக்கு இவை எதுவும் இல்லை. இருப்பது வளைந்த முள் மட்டும்தான். காட்டில் அது பக்கத்துப் புதரின்மேல் சாய்ந்து, முள்ளைக் கொக்கியாக மாட்டிக்கொண்டு மேலே போகும். வெறும் சுவரில் அதற்குப் பிடி இல்லை. 8 அடி வளர்ந்து ஒரு மழைக்காற்றில் சரிந்து விழும். யாராவது கட்டிவிட வேண்டும்.

அந்த யாராவது கடந்த மூன்று வருடமாக நான். அதற்கு முன்னால் அம்மா.

செடி கேமரன் மலையிலிருந்து வந்தது. அங்கே 1,500 மீட்டர் உயரத்தில், ராத்திரியில் போர்வை தேடும் குளிரில் ரோஜா பூப்பது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஊரோ கடல் மட்டத்தில் வெந்துகொண்டிருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் பையில், பெயர்ச்சீட்டு இல்லாமல், பஸ்ஸில் மடியில் வைத்து அம்மா அதைக் கொண்டுவந்தபோது அப்பா சொன்னார்: "ரெண்டு மாசம் தாங்காது." அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. செடி இருக்கிறது.

தாழ்நிலத்தில் ரோஜாவுக்கு எதிரி வெயில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் ஈரம்தான். கரும்புள்ளி என்றொரு பூஞ்சை நோய். இலை ஒரு 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் அதன் வித்து முளைத்து உள்ளே போய்விடும். சாயங்காலம் 5 மணிக்கு மழை பெய்து விடியும்வரை இலை காயாத நாட்டில் அதற்கு எவ்வளவு வசதி பாருங்கள். அம்மாவுக்குப் பூஞ்சையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் காலையில்தான் தண்ணீர் விடுவார், அதுவும் வேரில் மட்டும். முழங்கால் உயரத்துக்குக் கீழே இலையே விடமாட்டார். உதிர்ந்ததைப் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவார். ஈர மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று தோட்டத்தில் படித்த பாடத்தின் மிச்சம் அது என்று நினைக்கிறேன். இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தைக் கொல்லாமல் அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி செம்மைப்படுத்தினார். அந்த முறை கைகூடியிருக்காவிட்டால் என் பாட்டன் ஒருவேளை கப்பலே ஏறியிருக்க மாட்டார். பட்டையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். பால் குழாய்கள் அறுபட வேண்டும், ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொடக் கூடாது. தொட்டால் மரத்தில் காயம். காயம் ஆறி முடிச்சு முடிச்சாகப் புடைக்கும், பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. விடியுமுன் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நிரைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்வார்கள். அம்மாவின் நிரையில் காயமே இருக்காது என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வார். அவ்வளவு மென்மையான கை. ஆனால் அந்த மென்மை மரத்துக்காகவா, காயம் பட்டால் கத்தும் கிராணிக்காகவா, மங்கில் நிறையும் பாலுக்காகவா? ஒருமுறை கேட்டேன். "மரம் நல்லாருந்தாதானே நம்ம நல்லாருக்க முடியும்" என்றார். அப்போது அது பதில் மாதிரித்தான் இருந்தது. இப்போது அதில் மூன்று பதில்கள் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது.

ரோஜாவுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வருடம் செடி நேராக மேலே போனது. பூவெல்லாம் உச்சியில். நாங்கள் பார்த்தது முள் நிறைந்த பச்சைக் குச்சிகளை, பூவைப் பார்த்தவர்கள் எதிர்வீட்டு மாடிக்காரர்கள். நிமிர்ந்து நிற்கும் தண்டின் நுனியிலிருந்து ஆக்ஸின் என்ற பொருள் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்கும்வரை கீழ்க்கணுக்களில் உள்ள முளைகள் கண் திறக்காது. நுனி அவற்றை அடக்கி வைத்திருக்கிறது என்று சொல்லலாம். தண்டைப் பக்கவாட்டில் வளைத்துப் படுக்கையாகக் கட்டினால் அந்த அடக்கம் தளரும். ஒவ்வொரு கணுவும் தான்தான் உச்சி என்று நினைத்து மேல்நோக்கி ஒரு சிறுகிளை விடும். ஒவ்வொரு சிறுகிளையின் முனையிலும் பூ. மூன்று பூ இருந்த தண்டில் இருபது பூக்கும். பக்கத்து வீட்டு அங்கிள் சொல்லித்தான் அம்மாவுக்கு இது தெரியும். பிஆர்சி கம்பியைச் சுவரில் அடித்து, பழைய கைலியைக் கிழித்துக் கட்டத் தொடங்கினார்.

வளைப்பதற்குக் காலம் உண்டு. தண்டு இளசாக, கொஞ்சம் சிவப்பும் பச்சையுமாக இருக்கும்போது வளையும். முற்றினால் படக்கென்று முறியும். உடனே உங்களுக்கு அந்தப் பழமொழி ஞாபகம் வரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடத்தில் அதை நான் அறுபது தடவையாவது கேட்டிருப்பேன், பெரும்பாலும் பிரம்போடு சேர்த்து. வளையுமா, எப்போது வளையும் என்பது மட்டும்தான் அதன் கவலை. எதற்காக வளைக்க வேண்டும் என்று அது கேட்பதே இல்லை. வளைக்கிற ஆள் அதில் வருவதும் இல்லை.

எதற்காக? ரோஜாவின் நன்மைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் உண்மையும் உண்டு. கட்டிய தண்டு காற்றில் முறியாது. விசிறி மாதிரிப் பரப்பிக் கட்டினால் இலைகளுக்கு நடுவே காற்று புகுந்து சீக்கிரம் காயும், கரும்புள்ளி குறையும். ஆனால் இருபது பூ யாருக்கு வேண்டும்? ரோஜாவுக்குப் பூ ஒரு வழி, போய்ச் சேர வேண்டியது காய். நாமோ பூ வாடியதும் ஐந்து இலை உள்ள கணுவுக்கு மேலே கத்தரியால் வெட்டிவிடுகிறோம். காய் கிடைக்காத செடி மறுபடி பூக்கும். மறுபடி வெட்டுகிறோம். அதன் முயற்சியை முடியவிடாமலே வைத்திருப்பதற்குப் பராமரிப்பு என்று பெயர். இதில் இன்னொன்று: குளிர்நாட்டில் அதற்குக் குளிர்காலம் என்று ஒரு தூக்கமாவது உண்டு. இங்கே அதுவும் இல்லை.

ஒரே கைலித்துண்டுதான் செடியைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது, எனக்குப் பூவும் வாங்கித் தருகிறது. முடிச்சை அவிழ்த்து இது உனக்கு, இது எனக்கு என்று பிரிக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அங்கிள் சீனப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வளைக்கும் வித்தையைச் சொல்லித்தந்தவரே ஒருநாள் நான் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "கெசியான் லா" என்றார். கேலிதான். பிறகு ஒரு கதை சொன்னார். கோங் ஸிஜென் என்ற சீன எழுத்தாளர் 1839-இல் எழுதியது. அந்தக் காலத்துப் பூச்செடிப் பிரியர்களுக்குப் பிளம் மரம் வளைந்தும் கோணியும் இருந்தால்தான் அழகு. அதனால் வியாபாரிகள் நேரான கிளையை வெட்டி, மிச்சத்தைக் கயிறு போட்டு முறுக்கிக் கட்டி விற்பார்கள். கோங் அப்படிப்பட்ட முந்நூறு தொட்டிகளை வாங்கினார். மூன்று நாள் அழுதார். பிறகு தொட்டிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, எல்லாவற்றையும் மண்ணில் நட்டார். குணமாக ஐந்து வருடம் என்று கெடு வைத்துக்கொண்டார். பிளம் மரத்தைச் சொல்வது மாதிரி அவர் சொன்னது தம் காலத்து அரசு மனிதர்களை முறுக்கிய விதத்தைத்தான் என்பார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அழுதவரை நினைத்தல்ல, அவிழ்த்தவரை நினைத்து. பிளம் ஒரு மரம். அவிழ்த்துவிட்டால் அதற்கென்று ஓர் அடிமரம் இருக்கிறது, நிற்கும். என் ரோஜாவை அவிழ்த்தால் அது தரையில் விழுந்து, ஈரத்தில் கிடந்து, ஒரே மழைக்காலத்தில் அழுகும். அடிமரம் உள்ளவர்களுக்கு எழுதப்பட்ட விடுதலை அடிமரம் இல்லாதவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? மறுநாள் அங்கிளிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அதனால்தான் நான் உனக்குக் கட்டச் சொல்லித்தந்தேன். அழகா கட்டச் சொல்லலையே" என்றார், மலாயும் ஆங்கிலமும் கலந்து.

அதன் இயல்புப்படி விட்டுவிடலாமே என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. எந்த இயல்பு? ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு பருவம்தான் பூத்தன. ஆண்டு முழுக்கப் பூக்கும் குணமும் அடர்ந்த சிவப்பும் அங்கே போனது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சீன ரோஜாக்கள் வழியாக. ஓயாமல் பூக்கும் ரோஜாக்களில், பூப்பதை நிறுத்தச் சொல்லும் ஒரு மரபணு நடுவில் வேறொரு துண்டு புகுந்து செயலற்றுப் போயிருக்கிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. புதராக நிற்கும் சில ரோஜாக்களில் அந்தத் துண்டு நீங்கிவிட்டால் செடி மறுபடி நீள நீளமாக வளர்ந்து ஏறத் தொடங்கும், பூப்பதும் முன்போல் பருவத்துக்குச் சுருங்கும். நாம் ஆசையாக வளர்க்கும் ஓயாத பூப்பு என்பது, நிறுத்தத் தெரியாமல் போனது. அதை யார் யாரோ தோட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்து, ஒட்டி, பெருக்கி, இந்தக் கறுப்புப் பைவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கைபடாத ரோஜா ஒன்று இதற்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது, கட்டை அவிழ்த்தால் வெளியே வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை.

இதையெல்லாம் நான் செடிக்காக மட்டும் யோசிக்கவில்லை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

மூன்று வருடமாக அம்மாவுக்கு மறதி நோய். டாக்டர் டிமென்ஷியா என்று எழுதினார். பகலில் அமைதியாக இருப்பார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, வாளி எங்கே, கத்தி எங்கே என்று தேடுவார். தோட்டம் இப்போது ஷாப்லாட்டும் கண்டோமினியமும் ஆகிவிட்டது. அவருக்கு அங்கே இன்னும் அவருடைய நிரை இருக்கிறது. ஒருநாள் கேட்டைத் திறந்து மெயின் ரோடுவரை போய்விட்டார், லாரிகள் போகிற ரோடு. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் ஆட்டோ கேட் போட்டுத் தந்தார். கேமரா வைத்துத் தந்தார். அம்மா அப்புறம் பின்கதவைக் கண்டுபிடித்தார்.

ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். நாலாவது நாள் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்போடு துணியால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். "விழுந்துடுறாங்கக்கா, அதுக்குத்தான்" என்றாள் அங்கே வேலை செய்த பெண். பொய் சொல்லவில்லை. அம்மா விழத்தான் செய்தார். அந்த ஹாலில் பதினைந்து பேருக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள் என்பதும் பொய்யில்லை. நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் கண் முடிச்சுக்குப் போனது. ஒரு விரல்கூட நுழையாத இறுக்கம்.

எனக்கு அந்த இறுக்கம் தெரியும். செடி என் கைக்கு வந்த முதல் வருடம், கைலி கிழிக்கச் சோம்பல்பட்டு ராஃபியா கயிற்றால் ஒரு தண்டைக் கட்டினேன். கட்டிவிட்டு மறந்துபோனேன். தண்டு பருத்தது, கயிறு பருக்கவில்லை. நாலைந்து மாதம் கழித்துப் பார்த்தபோது கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே இருந்த பாகம் முழுக்கக் காய்ந்துவிட்டது. அம்மா கட்டுவது எட்டுப் போல: ஒரு வளையம் கம்பிக்கு, ஒரு வளையம் தண்டுக்கு, நடுவில் துணி குறுக்கே போகும், தண்டு கம்பியில் உரசாது. தண்டின் வளையத்தில் சுண்டுவிரல் நுழைய வேண்டும். மாதத்துக்கு ஒருதடவை எல்லா முடிச்சையும் விரல் விட்டுப் பார்த்து, இறுகியதை அவிழ்த்து மாற்றிக் கட்டுவார். நான் அதைப் பார்த்து வளர்ந்தும் ராஃபியாவை எடுத்தேன்.

அம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அண்ணனுக்குக் கோபம். அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் சின்ன வயதில் லயத்தில் ஒரு பாட்டி புத்தி பேதலித்து ரோட்டில் அலைந்தார். அவரைப் பார்த்து அம்மா பலதடவை சொல்லியிருக்கிறார்: "அந்த மாரி ரோட்டுல அலைய விட்டுறாதீங்க என்ன. கட்டிப் போட்டாலும் பரவால்ல." அது தெளிவாக இருந்த அம்மா சொன்னது. இப்போது கதவைத் தட்டி "என்ன தொறந்து விடுடி, பெரட்டு போயிரும்" என்று அழுகிற அம்மா வேறு. எந்த அம்மாவின் பேச்சைக் கேட்பது?

ரோனால்ட் ட்வோர்கின் 1993-இல் வந்த தன் புத்தகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். தன் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துச் சொல்ல முடிந்த காலத்தில் ஒருவர் சொன்னதற்குத்தான் மதிப்பு என்பது அவர் கட்சி. ரெபெக்கா டிரெஸர் அதை மறுத்தார். இப்போது நம் எதிரே இருப்பவர் பசிக்கிறவர், பயப்படுகிறவர், சிரிக்கிறவர். இல்லாமல் போன ஒருவரின் பெயரால் இவரைத் துன்புறுத்த முடியாது என்று. அண்ணன் ட்வோர்கினைப் படித்ததில்லை, ஆனால் அவர் பக்கம்தான். நான் பகலில் டிரெஸர் பக்கம். விடியற்காலை நாலு மணிக்கு என்னால் எந்தப் பக்கமும் நிற்க முடிவதில்லை.

அப்போதெல்லாம் எனக்குப் பாரியின் மேல் கொஞ்சம் எரிச்சல் வரும். பிடிப்பில்லாமல் கிடந்த முல்லைக்குத் தன் தேரைக் கொடுத்துவிட்டுப் போனவர். சிறுபாணாற்றுப்படையில் வருகிறது, பள்ளிப்பாடத்திலும் வருகிறது. அளவறியாத அந்தக் கொடைக்குக் கொடைமடம் என்று அழகான ஒரு பெயரும் உண்டு. பெரிய மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரே மதியத்தில் முடிந்துபோன காரியம். தேரைக் கொடுத்தவர் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் அந்த முல்லை எந்தச் சக்கரத்தில் சிக்கி எங்கே நெரிந்தது என்று போய்ப் பார்த்ததாகக் கதையில் இல்லை. ஆட்டோ கேட்டும் ஒரு தேர்தான். அண்ணனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் இருக்கும் தூரத்திலிருந்து தேரைத்தான் கொடுக்க முடியும்.

நான் செய்தது இதுதான். அம்மாவும் நானும் ஒரே கட்டிலில் படுக்கிறோம். கைலித்துண்டு ஒன்றை எட்டாகப் போட்டு ஒரு வளையத்தை அவர் மணிக்கட்டிலும் இன்னொன்றை என் மணிக்கட்டிலும் மாட்டிக்கொள்கிறேன், சுண்டுவிரல் நுழைகிற மாதிரி. அவர் எழுந்தால் என் கை இழுபடும், விழிப்பேன். பெரும்பாலும் அவரைத் தடுப்பதில்லை. முகம் கழுவி, கோப்பி கலக்கிக் கொடுத்து, டார்ச் விளக்கோடு தாமான் திடல்வரை கூட்டிப்போவேன். திடலோரத்து மரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். "இது இன்னும் வெட்டுக்கு வரல" என்பார். அரைமணி நேரத்தில் வேலை முடிந்த திருப்தியோடு திரும்பிவிடுவார்.

இதைக் கேட்டு யாராவது என்னைப் பாராட்டுமுன் மீதியையும் எழுதிவிடுகிறேன். காலையில் முக்கியமான மீட்டிங் இருக்கும் ராத்திரிகளில் நான் துண்டைச் சுருக்கிக் கட்டியிருக்கிறேன், அவரால் எழுந்து உட்கார முடியாத அளவுக்கு. இதுவரை நாலு தடவை. விழுந்துவிடுவார் என்பதற்காக இல்லை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அவர் இழுத்துப் பார்த்து, கொஞ்சநேரம் முனகி, அடங்கிவிட்டார். விடிந்ததும் முதல் வேலையாக அவர் மணிக்கட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தடம் இல்லை. அந்த இல்லத்தில் வேலை செய்த பெண்ணுக்கு ஒரு ஹாலில் பதினைந்து பேர். எனக்கு ஒருவர்.

போன வாரம் ஆபீஸ் முடிந்து வந்தபோது அம்மா போர்ச்சில் உட்கார்ந்திருந்தார். மடி நிறையக் கைலித்துண்டுகள். ரோஜாவின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சுருக்கம் நீவி மடித்து வைத்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை முள் கீறிய கோடுகள். வலித்ததாகத் தெரியவில்லை. பழைய தண்டுகள் வளைந்தபடியே நின்றன, அவிழ்த்தாலும் அவை இனி நிமிராது. இந்த வருடம் விட்ட புதுத்தண்டு ஒன்று மட்டும் கம்பியிலிருந்து விடுபட்டு நேராக, என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா அவுத்தது?"

"இறுகிப்போச்சு" என்றார்.

கையைக் கழுவி மருந்து போட்டேன். பழைய தண்டுகளை அன்றைக்கே திரும்பக் கட்டிவிட்டேன், அவர் மடித்து வைத்த துண்டுகளாலேயே. புதுத்தண்டு இன்னும் இளசாகத்தான் இருக்கிறது, வளைக்க இரண்டு வாரம் மிச்சமிருக்கும். நுனியில் ஒரே ஒரு மொட்டு விட்டிருக்கிறது. அங்கிள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மழை வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.